ஒரே பெயரில் ரெண்டு ஃபைல்

"நெட்வொர்க்ல அந்த சிஸ்டம் தெரிய மாட்டேங்கு." எனக்கு வருகிற போன்களில் பாதி இந்த வாக்கியத்தோடுதான் ஆரம்பிக்கும். ரெண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒயர் இல்லாமல் இருக்கலாம், வேறு வேறு ரவுட்டரில் தொங்கலாம், பாஸ்வேர்டு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், ஃபோல்டருக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஏன், எல்லாம் சரியாக இருந்து ஃபைலின் தமிழ்ப் பெயர் மட்டும் வம்பு பண்ணலாம். சொல்கிறவருக்கு எல்லாமே "தெரிய மாட்டேங்கு"தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திரையில் வருகிற எச்சரிக்கை எந்த மாதிரிக் கோளாறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது.

ஏரல் பஜாரில் ஒரு டிடிபி கடை. நடத்துகிறவர் எனக்கு அண்ணாச்சி முறை. கல்யாணப் பத்திரிகை, அம்மன் கோவில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், சேர்மன் சாமி கோவில் ஆடி அமாவாசை நெருங்கினால் ஃபிளெக்ஸ் என்று வருசம் முழுக்க ஏதாவது வேலை ஓடிக்கொண்டிருக்கும். முன்பு அங்கே எல்லாமே விண்டோஸ். ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாதிரிப் பெட்டிகள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் அத்தனையும் போயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த நேரத்தில் ஏரலுக்குள் ஆறு எப்படி வந்தது, பாலம் என்ன ஆனது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சேறு வடிந்த பிறகு கடையை மறுபடி திறக்க, எங்கே என்ன கிடைத்ததோ அதை வாங்கிச் சேர்த்தார் அண்ணாச்சி.

அப்படித்தான் ஒரே கடைக்குள் மூன்று ஜாதி வந்தது. கவுன்டரில் விண்டோஸ் 11 புரோ. பேஜ்மேக்கர் அதில்தான் ஓடும். உள்ளே செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஒரு பழைய பெட்டி. அதில் இருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 சிப் இல்லை. அதனால் உபுண்டு ஏற்றி, எல்லா ஃபைலும் போய்ச் சேரும் கிடங்காக அதை மாற்றியாயிற்று. சென்னையில் டிசைன் வேலை பார்க்கும் அண்ணன் மகன் விட்டுப்போன மேக்புக் மூன்றாவது.

லினக்ஸ் என்றதும் கடையில் யாரும் பயப்படவில்லை. டைப்பிங் பார்க்கிற தங்கச்சி, "அரசாங்க லேப்டாப்ல பாஸ் வருமே, அது மாதிரிதானே அண்ணே?" என்று கேட்டாள். அதே மாதிரிதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் பெங்குவின் படம் பார்த்த ஒரு தலைமுறை நம்ம ஊரில் இருக்கிறது.

சரி, கோளாறுக்கு வருவோம். என் வழக்கம், கீழிருந்து மேலே போவது. ஒயர், முகவரி, சேவை, ஆள், அனுமதி, கடைசியில் பெயர். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் நேரம் வீணாகும். கடையில் நடந்தது அதுதான். நான் போவதற்கு முன்னால் உபுண்டுவில் ஃபைல் பகிரும் நிரலான சம்பாவின் செட்டிங்கை யாரோ இணையத்தில் பார்த்துப் பார்த்து மாற்றி, அது பக்கம் பக்கமாக நீண்டிருந்தது. பிரச்சனை அங்கே இல்லவே இல்லை.

விண்டோஸில் கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ அடித்தால் 192.168.1 என்று ஆரம்பிக்கிற முகவரி. உபுண்டுவில் பார்த்தால் 192.168.0 என்று ஆரம்பிக்கிறது. மூன்றாவது எண் மாறினாலே சந்தேகப்பட வேண்டும். ஃபைபர் இணைப்புக்குக் கொடுத்த பெட்டி கவுன்டர் மேலே இருக்கிறது. உள் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி, ஃபைபர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, அதன் ‘வேன்’ என்று எழுதிய துளையில் சொருகியிருக்கிறார்கள். அட்டையில் போட்ட படத்தைப் பார்த்துச் செய்தது, அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் அப்படிச் சொருகினால் ரெண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். இன்டர்நெட் ரெண்டு பக்கமும் ஜோராக வரும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

இந்தக் கோளாறுக்கு ஒரு அடையாளம் உண்டு. உள்ளே இருக்கும் மெஷினிலிருந்து வெளியே இருப்பதைப் பிடிக்க முடியும். வெளியிலிருந்து உள்ளே பிடிக்க முடியாது. "இங்கிருந்து அங்க போகுது, அங்கிருந்து இங்க வரல" என்று யாராவது சொன்னால் அநேகமாக ரெண்டு ரவுட்டர் சமாச்சாரம்தான். கேபிளை வேன் துளையிலிருந்து எடுத்து லேன் துளையில் சொருகி, ரெண்டாவது ரவுட்டரின் முகவரியை முதலாவதோடு மோதாதபடி மாற்றி, அது முகவரி வழங்குகிற வேலையை (டிஹெச்சிபி என்பார்கள்) நிறுத்திவிட்டால் முடிந்தது. சில ரவுட்டரில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்று ஒரே பட்டனில் இது வந்துவிடும். கூடவே, உபுண்டு பெட்டிக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி ரவுட்டரில் பதிந்துவைத்தேன். கரண்ட் போய் வந்தால் முகவரி மாறி, நேற்று வேலை செய்த ஷார்ட்கட் இன்று செத்துக் கிடப்பதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். நம்ம ஊரில் கரண்ட் போவதற்குக் காரணமா வேண்டும்.

வீட்டில் இதே கோளாறு வந்தால், ஒரு மெஷின் ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையின் வேலையே ஒரு மெஷினை இன்னொன்று பார்க்காமல் தடுப்பது.

அடுத்தது, "எங்க போய்ப் பாத்தீங்க?" என்ற கேள்வி. எல்லாரும் விண்டோஸின் இடது பக்கம் ‘நெட்வொர்க்’ என்று இருப்பதைச் சொடுக்கி, அங்கே பெயர் வரவில்லை என்றால் கையை விரித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை நம்பவே கூடாது. அதில் பெயர் வருவதும், ஃபைல் பகிர முடிவதும் தனித்தனி வேலைகள். மேலே முகவரிக் கட்டத்தில் ரெண்டு பின்சாய்கோடு போட்டு எண்ணை நேரடியாக அடியுங்கள்: \\192.168.1.50. மேக்கில் ஃபைன்டரைத் திறந்து, கமாண்ட் சாவியோடு கே-யை அழுத்தி, எஸ்எம்பி என்று போட்டு அதன் பின்னால் ://192.168.1.50. திறந்துவிட்டால் பகிர்வு நன்றாக இருக்கிறது, பெயர்ப் பட்டியல்தான் கெட்டிருக்கிறது.

பட்டியல் கெட்டதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. விண்டோஸ் ஃபைல் பகிரும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1983-இல் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. முதலில் தன் இனிஷியலையே அதற்குப் பெயராக வைத்திருந்தாராம், வெளியிடும் முன் மாற்றிவிட்டார்கள். அதன் முதல் பதிப்புதான் ஆரம்ப காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போட்டுக் கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருசக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி ஒன்றைத் தானாகப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். பழைய ‘நெட்வொர்க்’ பட்டியல் அதை நம்பித்தான் இருந்தது. இப்போது வேறொரு முறையில் மெஷின்கள் தங்களை அறிவித்துக்கொள்கின்றன. லினக்ஸும் அந்தப் பட்டியலில் வர வேண்டும் என்றால் ‘டபிள்யுஎஸ்டிடி’ என்ற சின்ன நிரலைப் போட வேண்டும். போட்டேன், வந்தது. அண்ணாச்சிக்கு அந்தப் பட்டியலில் பெயரைப் பார்த்தால்தான் மனசு ஆறுகிறது.

யூடியூபில் இன்னமும் "எஸ்எம்பி 1 ஆன் பண்ணுங்க, எல்லாம் சரியாயிரும்" என்று வைத்தியம் சொல்லும் வீடியோக்கள் ஓடுகின்றன. ஆமாம், சரியாகும். கூடவே வைரஸுக்கும் வழி திறக்கும். உங்களிடம் இருப்பது எக்ஸ்பி காலத்து மெஷின் என்றால் ஒழிய அதைத் தொடவே வேண்டாம்.

லினக்ஸ் பக்கம் இந்த மொழியைப் பேசுவது சம்பா. கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991 கடைசியிலும் 1992 தொடக்கத்திலும் தன் டாஸ் பெட்டியிலிருந்து யூனிக்ஸ் மெஷினின் ஃபைலை எடுக்க எழுதிய நிரல் அது. ரெண்டு மெஷினும் ஒயரில் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒட்டுக்கேட்டு, அதைப் பார்த்தே எழுதினார். முறையான ஆவணங்களைக் கேட்டு வாங்க எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? ஐரோப்பிய ஒன்றியம் மைக்ரோசாஃப்டின் மேல் போட்ட வழக்கு முடிந்து, 2007 டிசம்பரில் 10,000 யூரோ கட்டிய பிறகுதான் கைக்கு வந்தது. பதினைந்து வருசம் சொச்சம் ஒட்டுக்கேட்டே ஓட்டியிருக்கிறார்கள். ஏரலில் ஒரு கொடை நோட்டீஸ் உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போகிறது என்றால் அந்த உழைப்பும் அதில் இருக்கிறது.

ஆப்பிளும் ஒரு காலத்தில் சம்பாவைத்தான் வைத்திருந்தது. உரிம நிபந்தனை பிடிக்காமல் 2011-இல் அதைக் கழற்றிவிட்டுத் தானே ஒன்று எழுதிக்கொண்டது. 2013 முதல் மேக்குக்கும் மேக்குக்கும் நடுவிலேயே எஸ்எம்பிதான் முதல் தேர்வு. ஆக, மூன்று ஜாதியும் பேசுவது ஒரே மொழி. ஆனால் மூன்று பேரும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டு பேசுகிறார்கள்.

பாஸ்வேர்டு விஷயத்துக்கு வந்தால், மூன்று இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன்.

உபுண்டுவில் உள்ளே நுழைய ஒரு பாஸ்வேர்டு இருக்கும். சம்பா அதைப் பார்ப்பதே இல்லை, தனக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. ‘எஸ்எம்பிபாஸ்வேர்டு’ கட்டளையால் அதில் ஆளைச் சேர்க்காத வரைக்கும் நீங்கள் சரியான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தாலும் "தப்பு" என்றுதான் சொல்லும். எத்தனை பேர் இதில் நொந்துபோயிருக்கிறார்கள்!

எதிர்த்திசையில், மேக்கிலிருந்து விண்டோஸுக்குள் நுழையும்போது தங்கச்சி அடித்தது நாலு இலக்கப் பின் எண். அது அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டும். நெட்வொர்க் வழியாக வந்தால் அந்தக் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஈமெயில் முகவரி. கடை முதலாளியின் ஈமெயில் பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் கொடுக்க முடியுமா? விண்டோஸில் ‘கடை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சாதாரண உள்ளூர்க் கணக்கை உண்டாக்கி, அதற்கு மட்டும் அந்த ஃபோல்டரைப் பகிர்ந்தேன். உபுண்டுவிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு.

மூன்றாவதுதான் இப்போது நிறையப் பேரை வாட்டுகிறது. பாஸ்வேர்டே வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று ‘கெஸ்ட்’ முறையில் பகிர்ந்து வைத்திருந்தவர்களுக்கு, 2024 கடைசியில் வந்த விண்டோஸ் 11 24ஹெச்2 அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று எல்லாம் நின்றுபோனது. புரோ பதிப்பில் கெஸ்ட் நுழைவை மூடிவிட்டார்கள், அனுப்புகிற ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பமும் கட்டாயம். கையொப்பத்துக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும், கெஸ்ட்டுக்கு ஏது பாஸ்வேர்டு? இதையும் திறந்துவிட வழி இருக்கிறது. வேண்டாம். பாஸ்வேர்டு ஒன்று வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. பழைய பெயரில் ஒருமுறை நுழைந்துவிட்டு, புதுப் பெயரில் மறுபடி முயன்றால் விண்டோஸ் 1219 என்று ஒரு பிழை எண்ணைக் காட்டும். ஒரே சர்வரில் ஒரே நேரத்தில் ரெண்டு பெயரில் இருக்கக் கூடாதாம். ‘நெட் யூஸ்’ என்று அடித்து, நட்சத்திரக் குறி போட்டு, ‘டெலீட்’ கொடுத்தால் பழைய தொடர்பெல்லாம் அறுந்துவிடும். கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டையும் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே மறுபடி மறுபடி முந்திக்கொண்டு போய் நிற்கும்.

அனுமதி சமாச்சாரத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். உபுண்டுவில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ‘நோட்டீஸ்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதற்கு எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டு, "உள்ளே போக முடியலையே" என்று கேட்பார்கள். உள் அறையைத் திறந்துபோட்டுவிட்டு வாசல் கதவைப் பூட்டினால் விருந்தாளி எப்படி வருவார்? உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டர் மற்றவர்களுக்கு மூடியே வருகிறது. வாசலைத் திறப்பதைவிட, பகிர்வதற்கென்று ஹோமுக்கு வெளியே ‘எஸ்ஆர்வி’ ஃபோல்டருக்குள் தனி இடம் ஒதுக்குவது நல்லது. ஃபெடோரா வைத்திருப்பவர்களுக்கு எஸ்இலினக்ஸ் என்று ஒரு காவலாளி கூடுதலாக உண்டு. அவர்கள் அதைத் தனியாகத் தேடிப் படித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் உலகத்தில் எந்த ஊர் டெக்னீஷியனும் சொல்லிவிடுவார். நம்ம ஆட்களுக்கு மட்டுமே வருகிற, யாரும் எழுதி நான் அதிகம் பார்க்காத வில்லங்கம் ஒன்று இருக்கிறது. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

பகிர்வெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு அண்ணாச்சி ஒருநாள் கூப்பிட்டார். "ஏல தம்பி, ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் கிடக்கு. ஒண்ண அழிச்சா சரியானது போயிருமோன்னு பயமா இருக்கு." போய்ப் பார்த்தால் உண்மைதான். உபுண்டு கிடங்கில், ஒரே ஃபோல்டருக்குள், ‘அம்மன் கோவில் கொடை நோட்டீஸ்’ என்று ரெண்டு ஃபைல். எழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாலும் வித்தியாசம் இல்லை. இடைவெளி இல்லை, புள்ளி கூடுதல் குறைச்சல் இல்லை. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் ரெண்டு ஃபைல் இருக்கவே முடியாது என்பது எந்தச் சிஸ்டத்துக்கும் அடிப்படை விதி. அப்படியானால் பெயர் ஒன்றில்லை.

ஒன்று கவுன்டரில் விண்டோஸில் சேமித்தது. இன்னொன்று அண்ணன் மகன் மேக்கில் திருத்தி, ஜிப் செய்து அனுப்பி, உபுண்டுவில் பிரித்தது. தேடலில் ‘கொடை’ என்று அடித்தால் ஒன்றுதான் வந்தது, மற்றது வரவில்லை. அங்கேதான் பிடி கிடைத்தது.

யூனிகோடில் ‘கொ’ என்பதை ரெண்டு விதமாக எழுதலாம். ‘க’ போட்டு, அதன் பின் ‘ொ’ என்ற ஒற்றைக் குறியைப் போடலாம். அல்லது ‘க’ போட்டு, கொம்பு ‘ெ’ தனியாக, கால் ‘ா’ தனியாகப் போடலாம். திரையில் ரெண்டும் ஒன்றேதான், எழுத்துருவே சேர்த்துக் காட்டிவிடும். ஆனால் டிஸ்கில் முதலாவது 6 பைட், ரெண்டாவது 9 பைட். ‘ோ’, ‘ௌ’ குறிகளுக்கும் இதே கதைதான். விண்டோஸிலும் லினக்ஸிலும் கீபோர்டு என்ன தருகிறதோ அப்படியே சேமிப்பார்கள், பெரும்பாலும் ஒற்றைக் குறி. மேக் அப்படியில்லை. அதன் பழைய ஃபைல் அமைப்பான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயரை எப்போதும் பிரித்துத்தான் எழுதும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் பிரிக்கக் கட்டாயப்படுத்துவதில்லை, ரெண்டு வடிவத்தையும் ஒன்றாகவே பாவித்துக்கொள்கிறது. ஆனால் மேக்கின் நிரல்கள் பழைய பழக்கத்தில் இன்னமும் பிரித்த பெயரையே கொடுக்கின்றன. மேக்குக்குள் இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. ஜிப்பிலோ, ஆர்சிங்க் மாதிரி நிரலிலோ வெளியே வரும்போது அந்தப் பிரித்த பெயர் அப்படியே வெளியே வரும். லினக்ஸுக்கு 6 பைட் பெயரும் 9 பைட் பெயரும் வேறு வேறு ஆள்.

இப்போது அந்தப் பெயரை மறுபடி பாருங்கள்: கோவில், கொடை, நோட்டீஸ். மூன்று சொல்லிலும் முதல் எழுத்தே கொம்பும் காலும். நெல்லைச் சீமையில் டிடிபி கடை வைத்தால் இந்த மூன்று சொல்லும் இல்லாமல் வாரம் ஓடாது.

கொரியாக்காரர்களுக்கும் இதே பிரச்சனை உண்டு. மேக்கிலிருந்து வந்த பெயர் விண்டோஸில் எழுத்து எழுத்தாகச் சிதறிக் கிடக்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். நமக்கு அது கண்ணுக்கே தெரியாது, அதனால் மாசக்கணக்கில் கவனிக்காமல் குட்டி போட்டுக்கொண்டே போகும். பேக்கப் எடுக்கும் நிரல் ரெண்டையும் தனித்தனியாக நகல் எடுக்கும். திருத்தியது ஒன்று, அச்சுக்குப் போவது இன்னொன்று. பழைய தேதி போட்ட நோட்டீஸ் ஆயிரம் பிரதி அடித்துவிட்டால் அப்புறம் கோவில் கமிட்டியிடம் என்ன சொல்வது?

லினக்ஸில் ‘கான்வ்எம்வி’ என்று ஒரு கருவி இருக்கிறது. ஃபோல்டர் முழுக்கச் சுற்றிவந்து, பிரிந்து கிடக்கும் பெயர்களை எல்லாம் ஒற்றைக் குறிக்கு மாற்றிவிடும். முதலில் எதையும் மாற்றாமல் "இதையெல்லாம் மாற்றப்போகிறேன்" என்று பட்டியல் மட்டும் காட்டும். பார்த்துவிட்டுத்தான் அனுமதி கொடுக்க வேண்டும். ரெண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் மேல் இன்னொன்று விழக் கூடாது என்பதற்காக, இரட்டைகளை முதலில் கையால் பிரித்து வேறு பெயர் வைத்தோம். ஜிப்புக்குப் பதில் மேக்கிலிருந்து நேராக எஸ்எம்பி பகிர்வுக்குள் சேமித்தால் மேக் தானாகவே பெயரைச் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடும். அதனால் அண்ணன் மகன் ஊருக்கு வந்தால் ஜிப் கிடையாது என்று சட்டம் போட்டாயிற்று. ஆர்சிங்க் வைத்து எடுப்பவர்களுக்கு, மேக் பெயர்களை வழியிலேயே மாற்றிக்கொள்ளச் சொல்லும் ‘ஐகான்வ்’ தெரிவு இருக்கிறது.

இதிலும் தீராத ஒரு கேஸ் உண்டு. ‘பௌர்ணமி’ என்று அடிக்கச் சொன்னால் பாதிப் பேர் கொம்பு போட்டு, ‘ப’ போட்டு, அதன் பின் ‘ள’ என்ற எழுத்தையே போட்டுவிடுவார்கள். பார்வைக்கு அச்சு அசல் பௌர்ணமி. கம்ப்யூட்டருக்கு அது பெ, ள, ர், ண, மி. எந்தக் கருவியாலும் இதைச் சேர்க்க முடியாது, ஏனென்றால் அது நிஜமாகவே வேறு சொல். கையால்தான் திருத்த வேண்டும். பழைய டைப்ரைட்டர்ப் பழக்கத்தில் இருந்து வந்தவர்களிடம் இது அதிகம்.

பெயரில் இன்னும் ரெண்டு வம்பு. கல்யாணப் பத்திரிகை ஃபோல்டருக்கு மாப்பிள்ளை பெயரை வைத்து, பின்னால் இனிஷியலும் புள்ளியும் போட்டு முடிப்பது தங்கச்சியின் வழக்கம். உபுண்டு அதை ஏற்றுக்கொள்ளும். விண்டோஸுக்கோ, பெயர் புள்ளியில் முடியக் கூடாது. அதனால் சம்பா அந்த ஃபோல்டருக்கு ஒரு மாற்றுப் பெயரைத் தானாகச் சூட்டி அனுப்பும்: எழுத்தும் எண்ணும் அலைக்கோடும் கலந்த எட்டெழுத்துக் கந்தல். "வைரஸ் வந்துட்டு அண்ணே" என்று கடையே கலங்கிப்போனது. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், மேற்கோள் குறி போட்ட பெயர்களுக்கும் இதே கதிதான். இனிஷியலை முன்னால் கொண்டுவந்ததும் வைரஸ் போய்விட்டது.

ரெண்டாவது நீளம். லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் 255 எழுத்து வரும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ‘ழ்’ என்றால் ழ-வுக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று. கணக்குப் போட்டால் 85 குறி, அதாவது ஐம்பது எழுத்துக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியை எண்ணுவதால் அங்கே 255 குறி வரை போகலாம். ‘அருள்மிகு’வில் ஆரம்பித்து, ஊர்ப் பெயர், சாமி பெயர், திருவிழா பெயர், வருசம் எல்லாம் எழுதி, ‘கடைசித் திருத்தம்’ என்று முடிகிற ஃபைலை விண்டோஸ் சந்தோஷமாக வைத்திருக்கும், லினக்ஸுக்கு நகல் எடுத்தால் திரும்பி வரும். என்க்ரிப்ட் செய்த ஃபோல்டர் சிலவற்றில் எல்லை இன்னும் சுருங்கி 143 பைட், அதாவது 47 குறி. இப்போது கடையில் பெயர் ஊர், விசேஷம், தேதி என்ற மூன்றோடு நிற்கிறது. தேதியை 2026-08-12 என்று கோடு போட்டு எழுதுகிறார்கள். சாய்கோடு போட்டால் மேக் மட்டும் வாங்கிக்கொள்ளும், மற்ற ரெண்டும் முகம் சுளிக்கும்.

ஃபைல் திறக்கிறது, உள்ளே தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது என்றால் அதைப் பகிர்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துரு விவகாரம். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடுக்கு வந்துவிட்டது. பேஜ்மேக்கர் யூனிகோடை ஏற்றுக்கொள்ளாமலே நின்றுபோன மென்பொருள், அதில் யூனிகோடு வராது. வாட்ஸப்பில் வந்த வாசகத்தை என்ஹெச்எம் கன்வர்ட்டரில் போட்டு மாற்றி ஒட்டுகிற வேலை, பேஜ்மேக்கர் இருக்கிற வரை இருக்கும்.

"இவ்வளவு பாடு எதுக்கு, ஒரு பென்டிரைவ் போதாதா?" என்று அண்ணாச்சி கேட்டார். போதும், சில நாளைக்கு. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் மூன்று சிஸ்டமும் படிக்கும், எழுதும். லினக்ஸ் கெர்னலில் 2019 முதல் அது உள்ளேயே வருகிறது. ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, கல்யாண வீடியோவோடு வருகிறவர்களுக்குத் தெரியும். என்டிஎஃப்எஸ்ஸை மேக் படிக்க மட்டும் செய்யும். விண்டோஸை ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’போடு அணைத்தால் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் அதன் டிஸ்க்கை லினக்ஸில் மாட்டினால் எழுத விடாது. செட்டிங்கில் அதை நிறுத்திவிடுங்கள்.

வாடிக்கையாளர் போனில் இருக்கும் போட்டோவை வாங்க மட்டும் இந்த எஸ்எம்பி வேலையெல்லாம் வேண்டாம். லோக்கல்சென்ட் என்ற இலவச ஆப், விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். ஒரே வைஃபையில் இருந்தால் இன்டர்நெட் இல்லாமலே ஃபைல் தாவிவிடும், வாட்ஸப் மாதிரிப் படத்தை அரைத்துச் சிறிதாக்கவும் செய்யாது. அஞ்சலி போஸ்டருக்கு வரும் படங்கள் இப்போதெல்லாம் அப்படித்தான் வாங்கப்படுகின்றன. முகம் தெளிவாக விழுகிறது என்று சொல்லி, அண்ணாச்சி பக்கத்து ஸ்டூடியோக்காரருக்கும் அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அங்கே இன்னும் விண்டோஸ் 7. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.